எக்மோ பம்பில் ரத்தம் உடையுமா? கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஐந்தாம் நாள் காலை யூரின் பையைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பால் சேர்க்காத டிகாக்‌ஷன் நிறம். பெரியப்பா எக்மோவில் இருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். நிமோனியா முற்றி, வென்டிலேட்டரும் போதாது என்று ஆனபோது நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்மோ போட்டார்கள்.

"என்ன சிஸ்டர் இது?"

"ஹீமோலிசிஸ் தம்பி. பம்ப்புல ரத்தம் கொஞ்சம் உடையுது. டாக்டர் ஸ்பீடைக் குறைக்கச் சொல்லியிருக்காரு. பயப்படாதீங்க."

ரத்தம் உடையுமா? பானை உடையும், கண்ணாடி உடையும். ரத்தம் எப்படி உடையும்?

வெளியே வராண்டாவில் பெரியப்பாவின் நண்பர் உட்கார்ந்திருந்தார். மணலியில் ஒரு ஆலையில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குழாய் ஆடுதாடா?"

"ஆமா மாமா, லேசா உதறுது."

"அப்ப சக்‌ஷன் பத்தல. உள்ளே வர்றது கம்மியா இருக்கும்போது ஸ்பீடை ஏத்தினா தண்ணி கூட வராது. எங்க ஊர்ல இம்பெல்லர் அடிவாங்கும். இங்க ரத்தம் அடிவாங்குது, அவ்ளோதான்."

மருத்துவமனையில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பிறகு படித்தபோது அவர் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே சரி என்று தெரிந்தது. எக்மோவில் ரத்தம் வந்து சேரும் குழாயில் உறிஞ்சும் அழுத்தம் எல்லை மீறினால் குழாய் உதறும், நுண்குமிழிகள் உருவாகும், சிவப்பணுக்கள் கிழியும். வேகத்தைக் குறைப்பதும், உடலில் திரவம் போதுமா என்று பார்ப்பதும்தான் முதல் சிகிச்சை.

பெரியப்பா பதினோரு நாளில் எக்மோவிலிருந்து வெளியே வந்தார். சிறுநீரகம் தேற இன்னும் மூன்று வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார், கிரிக்கெட் பார்த்துத் திட்டுகிறார். எனக்குத்தான் அந்த டிகாக்‌ஷன் நிறம் மனசை விட்டுப் போகவில்லை. ரத்தம் உடையும் என்று தெரிந்துதானே இந்த பம்பைச் செய்திருப்பார்கள்? எவ்வளவு உடையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட மாட்டார்களா?

போடுகிறார்கள். கம்ப்யூட்டரில். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த எண்ணுக்கு ஒரு பயன் இருக்கிறது, ஒரு எல்லையும் இருக்கிறது. பயனைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்படுகிறோம். எல்லையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நானும் என் டெஸ்க்கில் "உள்நாட்டுத் தயாரிப்பு", "குறைந்த விலை" என்று தலைப்பு வைத்திருக்கிறேனே தவிர, ரத்தத்தில் சோதித்தீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

முதலில், ரத்தம் எப்படி உடைகிறது?

தமிழ்நாட்டில் எக்மோ என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது இரண்டு சந்தர்ப்பங்களில். 2016 டிசம்பரில் ஜெயலலிதா, 2020-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம். இரண்டு முறையும் டிவியில் அது ஏதோ கடைசி மந்திரம் மாதிரிப் பேசப்பட்டது. உண்மையில் அது ஒரு பம்ப், ஒரு ஆக்சிஜனேட்டர், சில குழாய்கள். ரத்தத்தை வெளியே இழுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பும்.

இதன் உறவுக்காரர்கள் வேறு சிலரும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு மார்புக்குள்ளேயே பொருத்தப்படும் எல்வேட் பம்ப். தொடைத் தமனி வழியாக இதயத்துக்குள் நுழைக்கப்படும் பென்சில் தடிமன்கூட இல்லாத இம்பெல்லா. அது நிமிடத்துக்கு 40 ஆயிரம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. பைபாஸ் அறுவை சிகிச்சையின்போது ஓடும் ஹார்ட்-லங் மெஷின். எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினை: ரத்தம் என்பது தண்ணீர் இல்லை. அதில் உயிரணுக்கள் மிதக்கின்றன.

ஒரு சிவப்பணு சுமார் 8 மைக்ரான் அகலம் கொண்ட, நடுவில் குழிந்த தட்டு. ரொம்ப நெகிழ்வானது. தன்னைவிடக் குறுகலான தந்துகிகளில்கூட மடங்கி நெளிந்து போய்விடும். சுமார் 120 நாள் உயிர் வாழும். ஆனால் வேகமாகச் சுழலும் இம்பெல்லருக்கும் அசையாமல் நிற்கும் உறைக்கும் நடுவே மாட்டினால், ஒரு பக்கம் வேகமாகவும் மறு பக்கம் மெதுவாகவும் இழுபடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே சப்பாத்தி மாவை வைத்துத் தேய்ப்பது மாதிரி. இந்த இழுவிசைக்கு ஷியர் ஸ்ட்ரெஸ் என்று பெயர். நம் தமனிகளில் இது சில பாஸ்கல்தான். பம்பின் இடுக்குகளில் சில மில்லி நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான பாஸ்கல் வரை போகும்.

சவ்வு கிழிந்தால் உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். அதைப் பிடித்துக்கொண்டு போக ஹாப்டோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அது அளவோடுதான் இருக்கும். அது தீர்ந்ததும் மிச்ச ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியே வெளியேறும். நான் பையில் பார்த்த நிறம் அதுதான். இதோடு முடியாது. வெளியே திரியும் ஹீமோகுளோபின் ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடும். குழாய்கள் இறுகும், சிறுநீரகம் அடிவாங்கும்.

சிவப்பணு உடையாத அளவு விசையும் வேறு வேலை காட்டும். ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் என்ற நீளமான புரதம் சுருண்ட நூல்கண்டு மாதிரி இருக்கும். அதிக இழுவிசையில் அது விரிந்து, துண்டு துண்டாக வெட்டப்படும். அதனால்தான் எல்வேட் வைத்தவர்களுக்குக் குடலில் ரத்தக் கசிவு ஒரு தொல்லை. பம்புக்குள் ரத்தம் உறைகிறது, உடம்புக்குள் கசிகிறது. இரண்டும் ஒரே நோயாளிக்கு. டாக்டர்களின் தலைவலி புரிகிறதா?

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

மெக்கானிக்கல் படித்த நண்பர்களுக்கு சி.எஃப்.டி. என்றாலே தெரியும். பம்பின் உள்வடிவத்தை லட்சக்கணக்கான, சில சமயம் கோடிக்கணக்கான குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் திரவம் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது, அழுத்தம் என்ன என்று கணக்கிடும் முறை. வண்டி ஆலையில் கூலன்ட் பம்புக்கும், அனல்மின் நிலையத்தில் கடல்நீர் பம்புக்கும் இதே சமன்பாடுகள்தான். எண்ணூரிலிருந்து ஓ.எம்.ஆர். போய் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவன், "ரத்தம்னா என்ன, விஸ்காசிட்டியை மாத்திப் போடு, அவ்ளோதானே?" என்றான்.

பெரும்பாலான ஆய்வுகளில் அப்படித்தான் போடுகிறார்கள். தண்ணீரைவிட மூன்று நான்கு மடங்கு பிசுபிசுப்பான, ஒரே சீரான திரவம். அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் அந்த 'ரத்தத்தில்' ஒரு சிவப்பணுகூட இல்லை. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். அத்தனையையும் தனித்தனியாக ஒரு முழு பம்புக்குள் ஓட்டிப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டருக்கும் கட்டுப்படியாகாது. ஒன்றிரண்டு அணுக்களை மட்டும் நெளியவிட்டுப் பார்க்கும் நுட்பமான மாதிரிகள் உண்டு. அவை ஆராய்ச்சிக்கு அருமை, முழு பம்புக்கு உதவாது.

அப்புறம் சேதத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒரு குறுக்குவழி. எவ்வளவு இழுவிசை, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் எத்தனை சதவீத ஹீமோகுளோபின் வெளியே வரும் என்று விடை கிடைக்கும். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் சூத்திரம் 1990-ல் கீர்சீப்பன், வுர்ட்சிங்கர் முதலான ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்டது. இழுவிசை 2.416 அடுக்கிலும் நேரம் 0.785 அடுக்கிலும் வரும். பாமர மொழியில்: நேரத்தை இரட்டிப்பாக்கினால் சேதம் 1.7 மடங்கு. இழுவிசையை இரட்டிப்பாக்கினால் ஐந்து மடங்குக்கு மேல். பம்ப் வடிவமைப்பாளர்கள் குறுகலான இடுக்குகளைக் கண்டு நடுங்குவது இதனால்தான்.

இதில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அந்த 1990 கட்டுரை பம்பைப் பற்றியதே இல்லை. செயற்கை இதய வால்வுகளைப் பற்றியது. ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ரத்தத்தை வைத்துச் செய்த பழைய சோதனையின் தரவுகளை எடுத்து, வால்வுக்காகப் பொருத்திய எண்கள் அவை. பின்னால் வந்தவர்கள் பம்புக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சூத்திரம் சேதத்தை அதிகமாகக் காட்டுகிறது என்று பின்னர் பலரும் சுட்டிக்காட்டினார்கள். அதன் பிறகு மாற்று எண்கள் வந்தன. ஒன்று பன்றி ரத்தத்தில் எடுத்தது, இன்னொன்று செம்மறி ஆட்டு ரத்தத்தில்.

ஒரே விசை, மூன்று விடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இழுவிசை 100 பாஸ்கல், நேரம் 0.1 நொடி. மூன்று சூத்திரங்களிலும் அதே இரண்டு எண்கள்.

1990-ன் வால்வுச் சூத்திரம்: 0.4 சதவீத ஹீமோகுளோபின் வெளியே வரும். செம்மறி ரத்தச் சூத்திரம்: 0.026 சதவீதம். பன்றி ரத்தச் சூத்திரம்: 0.003 சதவீதம்.

முதலுக்கும் கடைசிக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம், பம்ப் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் மொத்த ரத்தமும் 1,440 முறை பம்பைக் கடக்கும். எல்லா ரத்தமும் ஒவ்வொரு முறையும் அந்த 100 பாஸ்கலில் சிக்கும் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், முதல் சூத்திரப்படி அந்த ஆள் மதியத்துக்குள் காலி. கடைசிச் சூத்திரப்படி நாளுக்கு 4 சதவீதம் சொச்சம். நம் உடம்பு இயல்பாகவே நாளுக்கு 0.8 சதவீதம் சிவப்பணுக்களைப் புதுப்பிக்கிறது. நிஜ பம்பில் ரத்தத்தில் மிகச் சிறு பங்குதான் அந்த மோசமான இடுக்குகள் வழியே போகிறது, அதனால் யாரும் இப்படி மதியத்துக்குள் காலியாவதில்லை. நான் சொல்ல வருவது வேறு: உயிர் பிழைக்கும் பம்ப், கொல்லும் பம்ப் என்ற இரண்டு முடிவும் ஒரே வடிவமைப்புக்கு, எந்தச் சூத்திரத்தை எடுத்தோம் என்பதை வைத்தே வந்துவிடலாம்.

பொறியாளர்களிடம் கேட்டால் ஒரு நியாயமான பதில் வரும். "நாங்க அந்த எண்ணை அப்படியே நம்புறதில்லை. ஏ டிசைனா பி டிசைனா என்று ஒப்பிடத்தான் பயன்படுத்துறோம்." சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். இது இல்லாவிட்டால் நூறு வடிவங்களையும் செய்து, நூறு ஆடுகளில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இம்பெல்லர் இலையின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் சேதம் கூடுமா குறையுமா என்பதற்கு சி.எஃப்.டி. மாதிரி மலிவான, வேகமான கருவி வேறில்லை. ஆனால் ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பம்பில் சின்ன இடுக்கில் பயங்கர விசை, இன்னொன்றில் அகலமான இடத்தில் மிதமான விசை என்றால், எந்தச் சூத்திரத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ரேங்கே தலைகீழாகலாம்.

சூத்திரத்தை விடுங்கள், ஓட்டத்தைக் கணிப்பதிலாவது எல்லோரும் ஒத்துப்போகிறார்களா? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைச் சோதித்தது. பம்ப்கூட இல்லை, ஒரு எளிமையான குழாய். 12 மில்லி மீட்டர் விட்டம், நடுவில் 4 மில்லி மீட்டராகக் குறுகி, மறுபடி விரியும். உலகம் முழுக்க 28 குழுக்கள் தங்கள் கம்ப்யூட்டர் கணிப்புகளை அனுப்பின. குழாய் திடீரென்று விரியும் இடத்துக்கு அப்பால், கொந்தளிப்பு தொடங்கும் இடத்தில், விடைகள் ஆளுக்கு ஒரு பக்கம் போயின. 2012-ல் முடிவுகள் வெளியானபோது இந்தத் துறையே கொஞ்சம் அடக்கமாகிவிட்டது என்று சொல்லலாம். அதன் தொடர்ச்சிதான் 2018-ல் வந்த ஏ.எஸ்.எம்.இ. வி அண்ட் வி 40 என்ற தர வழிமுறை. அதன் சாரம் ரொம்ப எளிது: இந்தக் கணக்கை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறாய், அது தப்பானால் நோயாளிக்கு என்ன ஆகும், அந்த ஆபத்துக்கு ஏற்ற அளவு ஆதாரம் காட்டு. 2023 நவம்பரில் எஃப்.டி.ஏ.வும் இதே போக்கில் இறுதி வழிகாட்டுதலை வெளியிட்டது.

மனித உடம்பில் வந்த பாடங்கள்

ஹார்ட்மேட் 2 என்ற எல்வேட் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதோடு வாழ்ந்தார்கள். 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. பொருத்தி மூன்று மாதங்களுக்குள் பம்புக்குள் ரத்தம் உறையும் விகிதம், 2011 வாக்கில் 2.2 சதவீதமாக இருந்தது, 2013 ஜனவரிக்குள் 8.4 சதவீதமாக ஏறியிருந்தது. உறைவு கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே எல்.டி.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை அளவு இரண்டு மடங்குக்கு மேல் எகிறியிருந்தது. எல்.டி.ஹெச். ஏறுவது சிவப்பணு உடைவதன் அடையாளம். அதாவது ரத்தம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த ஹார்ட்மேட் 3-ல் இம்பெல்லர் காந்த விசையில் மிதக்கிறது; உரசும் தாங்கி இல்லை, இடைவெளிகள் அகலம். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனையில், பம்ப் உறைவு பழையதில் 13.9 சதவீதம், புதியதில் 1.4 சதவீதம். நல்ல வடிவமைப்பு எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மறுபக்கம், எச்வேட் என்ற இன்னொரு பம்பை மெட்ரானிக் நிறுவனம் 2021 ஜூன் மாதம் சந்தையிலிருந்து நிறுத்தியது. பக்கவாதம் போன்ற நரம்பியல் பாதிப்புகளும் இறப்பும் அதிகம், நின்ற பம்ப் திரும்ப ஓடாமல் போகும் கோளாறும் இருந்தது. இத்தனைக்கும் அது முறைப்படி அனுமதி பெற்று, வருடக்கணக்கில் பயன்பாட்டில் இருந்த கருவி.

நம் பக்கத்திலும் ஒரு பழைய கதை இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழு செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று மாதிரிகள் சோதனைகளில் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்தது; இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இதயத்தில் அது திறந்து மூடுகிறது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அந்த மூன்று தோல்விகள்தான். அவை ஆய்வகத்தில் நடந்தன, வார்டில் இல்லை.

இப்போது ஐ.ஐ.டி. கான்பூர் 'ஹிருதயந்திரா' என்ற பெயரில் எல்வேட் செய்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு எல்வேட் ஒன்றின் விலையில் வடசென்னையில் ஒரு வீடே வாங்கலாம் என்ற நிலையில், இந்த முயற்சிகள் வெற்றி பெற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது கூடுதலாக ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று: ரத்தத்தைக் காட்டுங்கள்

மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஆலைக்கு பம்ப் வாங்கினா கம்பெனிக்காரன் டெஸ்ட் கர்வ் கொடுப்பான்டா. பெரிய பம்ப்புன்னா நம்ம இன்ஜினியர் நேர்ல போய் நின்னு பார்த்துக் கையெழுத்துப் போடுவாரு. கம்ப்யூட்டர்ல இவ்ளோ வரும்னு சொன்னா எவன் வாங்குவான்?"

ரத்த பம்புக்கும் அப்படி ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஏ.எஸ்.டி.எம். எஃப் 1841 என்று பெயர். ஒரு மூடிய குழாய்ச் சுற்றில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ரத்தத்தை ஊற்றி, எல்வேட் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஆறு மணி நேரம் ஓட்டுவார்கள். அவ்வப்போது மாதிரி எடுத்து எவ்வளவு ஹீமோகுளோபின் வெளியே வந்தது என்று அளப்பார்கள். ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஆனால் கவனமும் நல்ல ரத்தமும் வேண்டும்.

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2017-ல் வந்தன; அதிக ஆபத்துள்ள சி, டி வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். இதயத்துக்கான பம்புகள் இந்தக் கண்டிப்பான பக்கத்தில் வருபவை. என் கருத்து: இப்படிப்பட்ட ஒரு கருவிக்கு கம்ப்யூட்டர் கணிப்பு ஆதாரமாகக் காட்டப்பட்டால், எந்தச் சூத்திரம், எந்த மிருகத்தின் ரத்தத்தில் எடுத்த எண்கள், சுற்றுச் சோதனையில் நிஜமாக வந்த அளவு என்ன என்ற விவரங்களை ஒரு பக்கத்தில் பொதுவெளியில் போட வேண்டும். வடிவமைப்பு ரகசியம் எதுவும் இதில் கசியாது. மருத்துவமனை வாங்கும்போது பார்க்கட்டும், போட்டி ஆய்வுக் குழுக்கள் பார்க்கட்டும், எங்களைப் போன்ற நிருபர்களும் பார்க்கட்டும்.

இன்னொன்று, நம் ரத்தம். தேசியக் குடும்பநல ஆய்வு 5-ன்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். சிவப்பணு குறைந்த ரத்தத்தின் பிசுபிசுப்பு குறைவு, ஓட்டம் வேறு. உடைய இருப்பதே குறைவு. உடைந்தால் இழப்பு பெரிது. ஐ.சி.யு.வில் அடுத்தடுத்து ஏற்றப்படும் ரத்தம் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் பையில் இருந்தது. சேமித்த சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும். ஜெர்மனியில் 35 வருடத்துக்கு முன் பொருத்திய எண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. நம் நோயாளிகளின் ரத்த நிலைமைக்கு ஏற்ப, சிவப்பணு அடர்த்தியைக் குறைத்து வைத்தும் சோதித்த தரவு வேண்டும்.

இதை எங்கே செய்வது என்று கேட்டால், எங்கள் ஏரியா பக்கம் வாருங்கள் என்பேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு மாட்டு ரத்தம் ஏற்றது. இறைச்சிக்கூடத்தில் பிடிக்கும் ரத்தத்தில் வேறு திரவங்கள் கலந்துவிடும் என்பதால், ஆரோக்கியமான மாட்டிலிருந்து ஊசி மூலம் எடுப்பதே நல்லது. அரை லிட்டர் கொடுத்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மணலியிலும் எண்ணூரிலும் பம்பின் சத்தத்தைக் கேட்டே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். வடசென்னை என்றாலே புகை, கரித்தூள், எண்ணெய்க் கசிவு என்று மட்டும் எழுதிப் பழகிய எங்கள் டெஸ்க்குக்கும் இது ஒரு மாறுதலாக இருக்கும். இவை நான்கும் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேர பஸ் தூரம்கூட இல்லை. ஆனால் கால்நடை மருத்துவரையும் பம்ப் மெக்கானிக்கையும் இதய நிபுணரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்கு நம் ஊரில் எந்த ஃபைலும் நகர்வதில்லை. அவரவர் துறை, அவரவர் கேன்டீன்.

செலவு? பெரிய சூப்பர் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. குழாய், அழுத்தமானி, ஃப்ளோ மீட்டர், 37 டிகிரி நீர்த்தொட்டி, ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். எல்லாம் ஒரு நல்ல பொறியியல் கல்லூரியும் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் சேர்ந்தால் ஏற்கெனவே இருப்பவைதான். அங்கே வரும் எண்களைத் திறந்த தரவாக வைத்தால், கான்பூரோ திருவனந்தபுரமோ, நாளைக்கு அம்பத்தூரில் ஸ்டார்ட்அப் தொடங்கும் யாரோ, தங்கள் சி.எஃப்.டி. கணக்கை அதோடு ஒட்டிப் பார்க்கலாம்.

அதுவரை, வீட்டில் யாராவது எக்மோவிலோ வேறு பம்பிலோ இருந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் நீங்கள் கேட்கக்கூடியவை சில உண்டு. "டாக்டர், பிளாஸ்மா ஃப்ரீ ஹீமோகுளோபின் இன்னைக்கு எவ்வளவு, நேத்து எவ்வளவு?" எக்மோவில் இது ஒரு டெசி லிட்டருக்கு 50 மில்லி கிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய ஹீமோலிசிஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பரிசோதனை அங்கே இல்லை என்றால் எல்.டி.ஹெச். எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ஒரே நாளில் திடீரென்று எகிறினால் பம்ப் தலையில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவையென்றால் அதை மாற்றுவார்கள். யூரின் பையின் நிறம் மாறினால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழாய் உதறினாலும்தான்.